நாற்பது பேர் பார்த்த சிவப்பு

லேப் அக்காவுக்குக் கோபம் வந்தால் சாமான் உடையாது. கோபத்தில் பாத்திரத்தை உருட்டுகிற பெண்கள் உண்டு, கதவை அறைகிற ஆண்கள் உண்டு. இவளுக்கு அந்தச் சொகுசு கிடையாது. பத்தொன்பது வருடமாகப் புழங்குவது முழுக்கக் கண்ணாடி. அதனால் கோபம் ஏற ஏறக் கை நிதானமாகும். சோதனைக் குழாய்க்குள் பிரஷ்ஷை விட்டு மூன்று சுற்று சுற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடி மூன்று சுற்று சுற்றுவாள். குழாய்கள் வழக்கத்தைவிடப் பளிச்சென்று இருக்கிற நாளில், "இன்னைக்கு யாரு மாட்டினது?" என்று பிள்ளைகள் தங்களுக்குள் கேட்டுக்கொள்வார்கள்.

அவளுடைய வேலை வேதியியல் ஆய்வக உதவியாளர். நியமனக் கடிதத்தில் அதற்கு முன்னால் 'தற்காலிக' என்று ஒரு சொல் இருக்கும். அவள் சேர்ந்த வருடம் ஐந்தாம் வகுப்பில் மூக்கொழுகிக்கொண்டு நின்ற ஒருவன் படித்து முடித்து, இதே பள்ளியில் கணக்கு வாத்தியாராகி, போன வருடம் நிரந்தரமும் ஆகிவிட்டான். வராந்தாவில் பார்த்தால், "நல்லா இருக்கீங்களா அக்கா?" என்பான். "தற்காலிகமா நல்லா இருக்கேன்" என்பாள் இவள்.

இந்த வருடம் அந்தச் சொல் போவதற்கு ஒரு வழி பிறந்தது. பதினைந்து வருடத்துக்கு மேல் வேலை செய்த தற்காலிகப் பணியாளர்களை நிரந்தரமாக்கப் பட்டியல் கேட்டிருந்தார்கள். பட்டியல் வெள்ளிக்கிழமை மேலிடத்துக்குப் போக வேண்டும். பெயருக்கு எதிரே, 'பணியில் குறை எதுவும் இல்லை' என்று தலைமையாசிரியை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். இவள் ஃபைலில் பத்தொன்பது வருடத்தில் ஒரு குறையும் கிடையாது. தலைமையாசிரியையே கூப்பிட்டு, "உங்க பேரை முதல்ல போட்டிருக்கேன்" என்று சொல்லியிருந்தார்.

அந்த வாரத் திங்கட்கிழமைதான் பதினோராம் வகுப்புக்கு ஆணிச் சோதனை.

வருடா வருடம் நடப்பதுதான். நீலமான காப்பர் சல்பேட் கரைசலில் ஓர் இரும்பு ஆணியைப் போட்டு இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். ஆணிமேல் செம்பழுப்பாகத் தாமிரம் படியும், நீலம் வெளுக்கும். இரும்பு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுக் கரைசலுக்குள் இறங்குவது ஆக்சிஜனேற்றம்; கரைசலில் இருந்த தாமிரம் அதை வாங்கிக்கொண்டு ஆணிமேல் வந்து உட்காருவது ஒடுக்கம். லேப் அக்கா படித்தது பத்தாவது வரைதான். ஆனால் இதைத் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பத்தொன்பது தடவை கேட்டிருக்கிறாள். வாத்தியார்கள் மாறினார்கள், வாசகம் மாறவில்லை.

பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டில் மூன்று கட்டங்கள்: சோதனை, காண்பது, அறிவது. மூன்றையும் முந்தின ஞாயிற்றுக்கிழமையே மேல் வகுப்பு நோட்டைப் பார்த்து எழுதி முடித்துவிடுவார்கள். காண்பதையும் சேர்த்துத்தான். எழுதி முடித்த பிறகு பார்க்க வருவார்கள். அந்தப் பள்ளியில் அது தப்பென்று யாரும் நினைத்ததில்லை. கெமிஸ்ட்ரி சாரும் அந்த நோட்டுகளிலேயே படித்துத்தான் சாரானார்.

முன்பெல்லாம் லேப் அக்காதான் ஹார்டுவேர் கடையில் சாதாரண ஆணி வாங்குவாள். வகுப்புக்கு முந்தின நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் உப்புத்தாளால் துரு போகத் தேய்ப்பாள். ஐம்பது ஆணி முடிவதற்குள் கட்டைவிரல் தோல் வழன்றுவிடும். இந்த வருடம் கெமிஸ்ட்ரி சாரே புது பாக்கெட் வாங்கி வந்து மேசையில் போட்டார்.

"அக்கா, இனிமே தேய்க்கிற வேலையே இல்ல. பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு. வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன்காரங்க வர்றப்பவும் பார்க்க அழகா இருக்கும்."

"வேற மாதிரி வெளுப்பா இருக்கே சார்."

"புதுசுக்கா. புதுசு அப்படித்தான் இருக்கும்."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கட்டைவிரல் கேட்க விடவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் நாற்பத்தோரு பிள்ளைகள், நாற்பத்தோரு குழாய்கள். சார் வாசகத்தைச் சொன்னார். ஆணிகள் இறங்கின. பிள்ளைகள் இருபது நிமிடமும் ஊர்க்கதை பேசினார்கள். அப்புறம் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சார் பக்கத்தைப் புரட்டுவதும் கையெழுத்துப் போடுவதும் தையல் மிஷின் ஓடுகிற வேகத்தில் நடந்தது. குழாய் ஒன்றையும் அவர் பார்க்கவில்லை. நாற்பது நோட்டு முடிந்தது.

கடைசியாக வந்தவள் வேறு பள்ளியிலிருந்து இந்த வருடம் வந்து சேர்ந்தவள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'புதுசு'. மேல் வகுப்பில் யாரையும் தெரியாததால் அவளுக்கு நோட்டுக் கொடுக்க ஆளில்லை. அவள் குழாயைப் பார்த்து எழுதியிருந்தாள்.

"என்னம்மா இது, கறுப்புன்னு எழுதியிருக்க?"

"கறுப்பாதான் சார் இருக்கு. பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கு. தொட்டா உதிருது."

"செம்பழுப்பு. புக்ல என்ன போட்டிருக்கு?"

"புக்ல செம்பழுப்பு சார். குழாய்ல கறுப்பு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சார் எழுந்துபோய் அவளுடைய குழாயைப் பார்த்தார். கறுப்பு. பக்கத்துக் குழாய், கறுப்பு. வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். நாற்பத்தொன்றும் கறுப்பு. பக்கத்தில் நின்ற பிள்ளைகளும் அப்போதுதான் தங்கள் குழாயை முதல் தடவையாகப் பார்த்தார்கள். மணி அடித்தது.

"கரைசல் யாரு போட்டது?" என்று சார் கேட்டார். அந்த ஆய்வகத்தில் கரைசல் போட ஒரே ஓர் ஆள்தான் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மதியம் அலுவலக எழுத்தர் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். 'கரைசலைத் தவறாகத் தயாரித்துச் சோதனை பழுதாகக் காரணமாக இருந்ததற்குத் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?' என்று கேட்டிருந்தது. தவற்றை ஒப்புக்கொள்கிறேன் என்று அடியிலேயே ஒரு வரி தட்டச்சு செய்து, கையெழுத்துக்குக் கோடும் போட்டு வைத்திருந்தார்கள்.

"சும்மா ஒரு கையெழுத்துக்கா" என்றார் எழுத்தர். "சார் எழுதிக் குடுத்துட்டாரு, மேடமாலயும் ஒண்ணும் பண்ண முடியல. ஒப்புக்கிட்டு மன்னிப்புக் கேட்டீங்கன்னா இதோட முடிஞ்சிரும்."

"பட்டியல்ல என் பேருக்கு நேரா என்ன எழுதுவாங்க?"

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சொல்லுங்க."

"குறை ஒண்ணு இருக்குன்னு எழுதணும். இருக்குறப்ப இல்லைன்னு எழுத முடியாதில்ல."

"போடலைன்னா?"

"பதில் எழுதிக் குடுக்கணும். வியாழக்கிழமைக்குள்ள."

அவள் தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்று மாலை ஆய்வகத்தில் இருந்த எல்லாக் குழாயும், உபயோகிக்காமல் அலமாரியில் கிடந்தவைகூட, கழுவி அடுக்கப்பட்டன.

கரைசலில் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். தராசில் எடை பார்த்த படிகம், அளந்த தண்ணீர், கலங்காமலிருக்க இரண்டு சொட்டு அமிலம். கை தூக்கத்தில்கூடப் போடும். ஆனால் கறுப்பு ஏன் வந்தது என்று தெரியவில்லை. தெரியாமல் பதில் எழுதினால் அது பதில் இல்லை, சண்டை. சண்டையில் சார் பேச்சுத்தான் நிற்கும்.

வீட்டுக்கு வரும்போது பையில் நான்கு ஆணிகள் போட்டுக்கொண்டு வந்தாள். புருஷன் அப்போதுதான் பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தான். இரும்புச் சாமான்களைத் துருப்பிடிக்காமலிருக்க நாகத் தொட்டியில் முக்கி எடுக்கிற பட்டறை அது. துத்தநாகம் என்ற முழுப்பெயர் அங்கே யாருக்கும் வாயில் வராது, நாகம்தான். இருபத்தாறு வருடமாக முக்குகிறான். அவள் ஆணியை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது என்ன ஆணி?"

அவன் நகத்தால் ஒரு கீறல் கீறினான். விளக்கடியில் பிடித்துப் பார்த்தான். "நாகம் போட்ட ஆணி. நல்லாப் போட்டிருக்கான். யாரு பட்டறைன்னு தெரியல."

"இரும்பு இல்லையா?"

"உள்ள இரும்பு. வெளிய நாகம். மழையில கிடந்தாலும் துரு ஏறாது." அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தான். "ஏன், என்ன ஆச்சு?"

சொன்னாள். திங்கட்கிழமை, நாற்பத்தோரு குழாய், மடித்த தாள், எழுத்தரின் கண்ணாடி எல்லாம். சொல்லி முடிக்கும் முன்பே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"எம்.எஸ்சி. படிச்ச ஆளு, ஆணியைப் பார்த்து என்னன்னு தெரியலையாக்கும். என்கிட்ட ஒரு மாசம் அனுப்பி வை."

"சிரிக்காதீங்க."

"நாப்பது பிள்ளைங்க கறுப்பைப் பார்த்துட்டு சிவப்புன்னு எழுதியிருக்குங்க. சிரிக்காம எப்படி இருக்கறது?"

"சிரிக்காதீங்கன்னு சொன்னேன்." அவள் குரல் உயரவில்லை. அவன் நிறுத்தினான். "நிரந்தரம் ஆகாதது உங்களுக்கா, எனக்கா? நாளைக்கு எனக்கு முடியாமப் போனா ஒரு சீட்டுல கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பிருவாங்க. பத்தொன்பது வருசத்துக்கும் அந்த ஒரு சீட்டுதான்."

அவன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "சரி. ஆசிட்ல போடு. நாகம் இருக்குற வரைக்கும் பொங்கிக்கிட்டே இருக்கும். பொங்குறது அடங்கினா இரும்பு வந்துருச்சுன்னு அர்த்தம். எடுத்துக் கழுவிட்டு உன் நீலத் தண்ணியில போட்டுப் பாரு."

புதன்கிழமை முதல் மணிக்கு முன்பே அவள் அதைச் செய்துவிட்டாள். நீர்த்த அமிலத்தில் இரண்டு ஆணிகள் சோடா போலப் பொங்கி அடங்கின. சாம்பல் நிறத்தில் வெளியே வந்தவற்றைக் கழுவி, திங்கட்கிழமை மீந்த அதே கரைசலில் போட்டாள். இரண்டு நிமிடத்தில் செம்பழுப்பாகத் தாமிரம் ஏறியது. பக்கத்துக் குழாயில் அதே கரைசல், பாக்கெட்டிலிருந்து எடுத்த ஆணி. கறுப்புப் பஞ்சு. இரண்டையும் குழாய்த் தாங்கியில் வைத்துக்கொண்டு கெமிஸ்ட்ரி சார் வரக் காத்திருந்தாள்.

அவர் பார்த்தார். முதல் குழாய், இரண்டாம் குழாய், பாக்கெட். காது மடல் சிவந்தது. புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. புரிந்த பிறகு மனிதர் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்வார் என்று நினைத்தாள். பத்தொன்பது வருடம் வேலை செய்தும் அந்த அளவு வெகுளித்தனம் அவளிடம் மிச்சமிருந்தது.

"நாகம் சார். பூச்சு. அதுதான் முதல்ல கரைஞ்சு தாமிரத்தை வேகமா வெளிய தள்ளுது, அதான் கறுப்புப் பஞ்சா ஒட்டுது. கரைசல் சரியாத்தான் இருக்கு."

"அக்கா, இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னது?"

"வீட்டுக்காரர்."

"அவர் என்ன படிச்சிருக்காரு?"

"எட்டாவது."

"பாருங்க, வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். இப்ப போய் நான் வாங்கின ஆணி தப்புன்னு சொன்னா டிபார்ட்மென்ட் பேரே கெட்டுரும். கரைசல் தப்பாயிருச்சுன்னா சின்ன விஷயம். யாருக்கும் நடக்கறதுதான்."

"எனக்கு நடக்கலையே சார்."

"நீங்க குழாய் கழுவுற வேலையைப் பாருங்க. கெமிஸ்ட்ரியை நான் பார்த்துக்கறேன்."

அவள் தாங்கியை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்கு நடந்தாள். வழியில் ஸ்டாஃப் ரூமில் நுழைந்து, சாரின் மேசையில் இன்ஸ்பெக்‌ஷனுக்காக அடுக்கியிருந்த நாற்பத்தோரு நோட்டுகளையும் எடுத்து இடது கையில் அணைத்துக்கொண்டாள். சார் பின்னாலேயே வந்தார். "அக்கா, அக்கா" என்று அவர் கூப்பிட்டது வராந்தா முழுக்கக் கேட்டது. வலது கையில் இருந்த தாங்கி ஆடவில்லை.

தலைமையாசிரியை நல்ல மனுஷி. ஆனால் வெள்ளிக்கிழமையை நினைத்து மூன்று நாளாகத் தூங்காத மனுஷி. குழாய்களைப் பார்த்தார், கேட்டார், தலையாட்டினார். "ஆனா சார் எழுத்துல குடுத்துட்டாரே" என்றார்.

"சார் எழுத்துலதான் மேடம் இதையும் குடுத்திருக்காரு." லேப் அக்கா நோட்டுகளை மேசைமேல் வைத்தாள். "பிரிச்சுப் பாருங்க. நாப்பது நோட்டுல செம்பழுப்பு. நாப்பதுலயும் சார் கையெழுத்து, திங்கக்கிழமை தேதி. கரைசல் கெட்டிருந்தா செம்பழுப்பு எப்படி வந்துச்சு? செம்பழுப்பு வந்துச்சுன்னா எனக்கு மெமோ எதுக்கு? ரெண்டுல ஒண்ணு பொய். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

தலைமையாசிரியை நான்கைந்து நோட்டுகளைப் பிரித்தார். மூடினார்.

"மேடம், அது வழக்கம்தான்" என்றார் சார். "எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான் நடக்குது. பசங்க முன்கூட்டியே எழுதிட்டு வருவாங்க. நாம கையெழுத்துப் போடறது எழுதினதுக்கு, பார்த்ததுக்கு இல்ல."

"அப்ப எனக்கு மெமோ குடுத்தது மட்டும் எதைப் பார்த்து சார்?"

தலைமையாசிரியை எல்லாவற்றையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். அது அவருடைய தொழில்.

"இப்படிச் செய்வோம். மெமோவை நான் திரும்ப வாங்கிக்கறேன். கிழிச்சுடறேன். உங்க பேருக்கு நேரா குறை இல்லைன்னு இப்பவே எழுதறேன். அந்தப் பொண்ணு மட்டும் கறுப்பை அடிச்சுட்டு செம்பழுப்புன்னு எழுதட்டும். நாப்பத்தோரு நோட்டும் ஒரே மாதிரி இருந்தா வெள்ளிக்கிழமை யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க. எல்லாருக்கும் நல்லது. என்ன சொல்றீங்க?"

லேப் அக்கா சரி என்றுதான் சொல்ல வாயெடுத்தாள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவள் கேட்டு வந்தது அதுதான். கேட்டது கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. "சரி மேடம்" என்றும் சொல்லிவிட்டாள்.

புதுசைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவள் வந்து மேசை ஓரத்தில் நின்றாள். சார் நோட்டைப் பிரித்து, பேனாவை மூடி கழற்றிக் கொடுத்தார். "ஒரே ஒரு கோடுதாம்மா. அடிச்சுட்டு மேல எழுதிடு."

பெண் பேனாவை வாங்கினாள். கோடு போடவில்லை. சாரைப் பார்க்காமல், தலைமையாசிரியையைப் பார்க்காமல், லேப் அக்காவைப் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, கறுப்பாதானே இருந்துச்சு?"

லேப் அக்காவுக்கு அந்தப் பெண்மேல்தான் முதலில் கோபம் வந்தது. ஏன் என்னைக் கேட்கிறாய், இத்தனை படித்தவர்கள் நிற்கிறார்களே என்று. அடுத்ததாக அந்தப் பேனாமேல், அதன் மூடியைக் கழற்றித் தயாராகக் கொடுத்த கைமேல். கடைசியாகத் தன்மேல். 'சரி மேடம்' என்ற தன் குரல் அறைக்குள்ளேயே இன்னும் இருப்பதுபோல் இருந்தது.

"கறுப்புதான்" என்றாள். "அடிக்காதே. பேனாவைக் குடுத்துட்டுக் கிளாசுக்குப் போ."

"என்ன பண்றீங்க நீங்க?" என்றார் தலைமையாசிரியை. "அப்ப மெமோ ஃபைல்ல இருக்கும். நான் கிழிக்க முடியாது."

"இருக்கட்டும் மேடம். என் பதிலும் அதுகூட இருக்கட்டும். பேப்பர் ஒண்ணு குடுங்க."

நின்றபடியே எழுதினாள். பத்து வரி. எந்த ஆணி, யார் வாங்கியது, பூச்சு என்ன, அமிலத்தில் எத்தனை நிமிடம், அப்புறம் என்ன நிறம். யாரையும் திட்டவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கீழே பெயரும் தேதியும். அதைப் பார்த்து ஒரு நகலும் எழுதிக்கொண்டு எழுத்தரிடம் போய், இரண்டையும் நீட்டினாள்.

"பெற்றுக்கொண்டதா சீல் போட்டுக் குடுங்க."

"எதுக்குக்கா நகலெல்லாம்? நம்ம ஆபீஸ்தானே."

"அதனாலதான்."

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் நான்கு நோட்டுகளைப் பிரித்தார்கள். நான்கிலும் செம்பழுப்பு. 'நன்று' என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். பட்டியலும் அன்றே போனது. அவள் பெயருக்கு எதிரே, 'விளக்கம் பெறப்பட்டது, பரிசீலனையில்' என்று எழுதியிருந்ததால் மேலிடத்தில் அந்தப் பெயரை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டார்கள்.

"ஒரு கோடு போட விட்டிருந்தா முடிஞ்சிருக்கும்ல?" என்று புருஷன் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். குறையாகக் கேட்கவில்லை, கணக்குத் தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல்தான் கேட்டான்.

"அந்தக் கோட்டை யாரு கை போட்டிருக்கும்?"

அன்றைக்கு வீட்டுத் தம்ளர்களெல்லாம் வழக்கத்தைவிடப் பளிச்சென்று இருந்தன.

ஆணை இரண்டாவது பட்டியலில் வந்தது. பதினோரு மாதம் கழித்து. வராந்தாவில் கைகுலுக்கினார்கள். கெமிஸ்ட்ரி சாரும் வந்து, "ரொம்ப சந்தோஷம்கா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்றார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவருக்கு மூன்றாம் மணி வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது.

வீட்டில் புருஷன் ஆணையை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தான். 'தற்காலிக' என்ற சொல் இல்லை. இன்னொரு தடவை படித்து, இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சிரித்துக்கொண்டே நிமிர்ந்தான்.

"பதினோரு மாசம் ஏன் தாமதம்னு அதுல எங்கயாவது போட்டிருக்கா பாருங்க" என்றாள் அவள்.

அவன் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான். போட்டிருக்கவில்லை.